கள்ளிக்காடு கேட்கும் கணக்கு

ஆண்டிபட்டிக்கு அடுத்த ஓர் ஊரிலே பொதுக்கூட்டம். கொடி உண்டு, தோரணம் உண்டு, கூட்டமும் உண்டு. நாம் பேசினோம். கையிலே 'கள்ளிக்காட்டு இதிகாசம்' நாவலை எடுத்துச் சென்றிருந்தோம். "1959-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 21-ஆம் நாள் வைகை அணையைத் திறந்தார்கள். மாலை போட்டார்கள், மகிழ்ந்தார்கள். அந்த அணைக்காக வீடிழந்தவன், காடிழந்தவன், பாட்டனைப் புதைத்த மண்ணையும் இழந்தவன் எங்கே போனான் என்று அன்றைய காங்கிரசு ஆட்சி கேட்டதா?" என்று முழங்கினோம். கைதட்டல் எழுந்தது. துண்டு போர்த்தினார்கள். இறங்கினோம்.

இறங்கிய இடத்திலே ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். எண்பதைத் தாண்டியவர். கையிலே ஊன்றுகோல், தோளிலே பழந்துண்டு. நம் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாப் பேசுனீக தம்பி. எங்க ஊருந்தான் தண்ணிக்குள்ள கெடக்கு. முழுக வச்சது காங்கிரசுதான். அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்றீக? ராமநாதபுரத்துக்காரன் குடிக்கிற தண்ணியத் திருப்பிக் கேக்கவா?"

நமக்கு நா எழவில்லை. பெரியவரே தொடர்ந்தார்:

"கோவிச்சுக்கிடாதீக. எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அந்தப் பொஸ்தகத்துல எங்க சனத்தப் பத்தி எழுதியிருக்குன்னு பல பேரு சொல்லிட்டாக. என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தருஞ் சொல்லல. நீங்களுஞ் சொல்லல."

மேடையிலே விழுந்த மாலையைவிட, மேடையின் கீழே விழுந்த இந்தச் சொல் கனமாக இருந்தது. நூலைக் கையிலே பிடித்து ஆட்டினோமே ஒழிய, அதனைத் திறந்து காட்டினோமா? மாற்றாரை அடிக்க ஒரு கழி கிடைத்தது என்று எடுத்துக்கொண்டோம். அந்தக் கழி எந்த மரத்தில் முறித்தது என்று எண்ணிப் பார்த்தோமில்லை. ஊர் திரும்பி அந்நூலை மறுபடி படித்தோம். அன்று சொல்லாமல் விட்டதை இன்று எழுதுகிறோம்.

கவிஞர் வைரமுத்து எழுதிய நாவல் அது. 2001-இல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்தது. பேருந்திலே படித்தார்கள், நூற்பாலை இடைவேளையிலே படித்தார்கள், முடிதிருத்தும் நிலையத்திலே ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். 2003-இல் சாகித்திய அகாதமி விருது வந்தது. விருது வந்ததால் வாழ்ந்த நூலன்று அது. முன்பே மக்கள் வீட்டுக்குள் எடுத்துக்கொண்ட நூல். எழுதியவருக்கும் அந்தத் தண்ணீருக்கும் உறவுண்டு. அவர் பிறந்த மெட்டூர், அணைநீருக்குள் அடங்கிய ஊர்களிலே ஒன்று. குடும்பம் பெயர்ந்து வடுகபட்டிக்கு வந்தது.

கதையிலே அரசன் இல்லை. அரசியைக் கவர்ந்து சென்ற கதையும் இல்லை. வரலாற்று நாவல் என்றால் குதிரைக் குளம்படியும் கோட்டை கொத்தளமும் கேட்டுப் பழகிய செவிக்கு இது புதிது. இங்கே வீரன், பேயத்தேவர் என்னும் கிழவர். அவருக்குக் குதிரை கிடையாது, மாடு உண்டு. வாள் கிடையாது, கடப்பாரை உண்டு. மானாவாரிக் காட்டிலே வானத்தை நம்பி விதைப்பவர். மகன் சரியில்லை, மகளுக்கு வாழ்வு சரியில்லை, கடன் மட்டும் சரியாக வந்து நிற்கிறது. எஞ்சிய நம்பிக்கை பேரன் மொக்கராசு. உற்ற துணைக்கு வண்டி நாயக்கர். தேவரும் நாயக்கரும் ஒருவர் துயரிலே ஒருவர் தோள் கொடுக்கும் அந்த நட்பை, நூலைச் சாதிப் பெருமைக்குச் சாட்சியாக இழுக்க நினைப்பவர்கள் ஒருமுறை படித்துப் பார்ப்பது நலம்.

அந்தக் கிழவர் கிணறு வெட்டுகிறார். பேரனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பாறையோடு மல்லுக்கு நின்று வெட்டுகிறார். அந்தப் பக்கத்து மண்ணை அறிந்தவர்களுக்கு அது என்ன வேலை என்று தெரியும். மேலே ஒரு முழம் செம்மண், அடியிலே கரடு, அதற்கும் அடியிலே கடப்பாரை முனை மழுங்கும் கல். வேட்டு வைக்க வேண்டும், கல்லைக் கூடையிலே ஏற்ற வேண்டும், கயிறு அறுந்தால் கீழே நிற்பவன் கதி அவ்வளவுதான். இத்தனையும் எதற்கு? ஒரு குடம் தண்ணீருக்கு! தண்ணீர், தண்ணீர் என்று வாழ்நாளெல்லாம் தவித்தவனுக்குக் கடைசியிலே தண்ணீர் வருகிறது. எப்படி வருகிறது? கிணற்றின் அடியிலிருந்து ஊறி வரவில்லை; அணையின் பக்கமிருந்து ஏறி வருகிறது. காட்டை நனைக்க வரவில்லை, காட்டையே கொண்டுபோக வருகிறது. முடிவை நாம் சொல்லப் போவதில்லை. படிக்காத தோழர்கள் படித்துக்கொள்ளட்டும். படிக்கும்போது தனியே இருந்து படியுங்கள். பக்கத்திலே ஆள் இருந்தால் கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சங்கடப்படுவீர்கள்.

இதே பள்ளத்தாக்கின் மேற்கோடிக்குப் போய்ப் பாருங்கள். கூடலூரிலும் கம்பத்திலும் வெள்ளைக்காரப் பொறியாளர் ஒருவரின் படம் வீட்டிலும் கடையிலும் தொங்குகிறது. பிள்ளைக்கு அவர் பெயர் வைக்கிறார்கள். சனவரி 15, அவர் பிறந்தநாள். அன்று பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013-இல் மணிமண்டபமும் எழுந்தது. பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த நீரை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். கம்பம் பள்ளத்தாக்கு இருபோகம் கண்டது. 142 அடி என்றால் அங்கே குழந்தைக்கும் பொருள் தெரியும். 2014-இல் உச்சநீதிமன்றம் அந்த 142-ஐ உறுதி செய்தபோது வெடி வெடித்தார்கள், இனிப்பு வழங்கினார்கள். முறைதான். உரிமைக்கு மகிழாதவன் உழவனாக இருக்க முடியாது.

அந்த நீர்தான் பள்ளத்தாக்கைப் பாசனம் செய்துவிட்டு, ஆற்றிலே சேர்ந்து, ஆண்டிபட்டிப் பக்கம் வந்து வைகை அணையிலே தங்குகிறது. அணையின் உயரம் 111 அடி, நீர் தேக்குவது 71 அடி. மதுரைக்கும் சிவகங்கைக்கும் இராமநாதபுரத்துக்கும் அங்கிருந்துதான் போகிறது. ஒரே பள்ளத்தாக்கு. தலைப்பிலே அணை கொடுத்தது, கடைமுனையிலே அணை எடுத்தது. தலைப்பிலே படம் மாட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். கடைமுனையிலே எடுக்கப்பட்டவனுக்கு ஒரு கல் நட்டோமா? 142 தெரிந்த நமக்கு, அந்த 71 அடிக்குக் கீழே எந்தெந்தத் தெரு கிடக்கிறது என்று தெரியுமா? பேயத்தேவர் கதை இல்லாவிட்டால் அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரிந்திராது.

காமராசர் அணை கட்டியது தவறு என்று சொல்ல வரவில்லை. கட்டத்தான் வேண்டும். வறண்ட இராமநாதபுரத்தான் வாயிலே ஈரம் பட வேண்டாமா? மேடையிலே நாம் போட்ட கூச்சலிலே இந்த நியாயம் மறைந்துபோயிற்று. பெரியவர் எடுத்துக் காட்டினார். கேள்வி வேறு. ஊருக்காக ஒருவன் கொடுத்தான் என்றால், கொடுத்தவன் பெயர் பேரேட்டிலே ஏற வேண்டாமா? அன்றிருந்த நிலமெடுப்புச் சட்டம் வெள்ளையன் 1894-இல் செய்தது. நிலத்திலே பாத்தியதை உள்ளவனைத்தான் அது கண்ணெடுத்துப் பார்த்தது. பட்டா உள்ளவனுக்கே பற்றாத தொகை, பட்டா இல்லாதவனுக்கு? அடுத்தவன் காட்டிலே களையெடுத்துப் பிழைத்தவளுக்கு, சேரியிலே குடிசை போட்டிருந்தவனுக்கு? காடு போயிற்று, காட்டோடு கூலியும் போயிற்று. கூலிக்கு ஏது சர்வே எண்? நிலமில்லாத உழைப்பாளியும் பாதிக்கப்பட்டவனே என்று சட்டம் ஒப்புக்கொள்ள 2013 வரை ஆயிற்று. நூற்றுப் பத்தொன்பது ஆண்டு!

இந்த நாவலைப் படித்த அதே வாரம் ஸ்காட்லாந்து நாவல் ஒன்றையும் படித்தோம். வில்லியம் மெக்கில்வானி 1975-இல் எழுதிய 'டாக்கர்ட்டி'. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவனின் குடும்பக் கதை. எழுதியவரும் சுரங்கத்திலே வேலை பார்த்தவரின் பிள்ளை. மெட்டூர்க்காரர் மெட்டூரை எழுதியதைப் போலத் தன் தெருவை எழுதினார். கள்ளிக்காட்டுக்கும் கரிக்குழிக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உண்டு. அங்கே ஒருவன் இருட்டிலே இறங்கினான், ஊரார் வீட்டிலே அடுப்பெரிந்தது. இங்கே ஒருவன் வீடு நீரிலே இறங்கிற்று, ஊரார் வயலிலே கதிர் முற்றிற்று.

இன்னொரு உறவும் உண்டு. 1606-இல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. சுரங்கத் தொழிலாளி முதலாளியின் சீட்டு இல்லாமல் வேறிடம் போகக் கூடாது. போனால் அவன் திருடன்! எதைத் திருடினான்? தன் கையை, தன் காலை, தன் உடலைத் தானே தூக்கிக்கொண்டு போய்விட்டான், அதுதான் திருட்டு. குழந்தைக்குப் பெயர் வைக்கும் சடங்கிலேயே சுரங்க முதலாளி காசு கொடுத்து அந்தக் குழந்தையைக் குழிக்கு எழுதி வாங்கும் வழக்கமும் இருந்தது. 1775-இல் ஒரு சட்டம் வந்து கட்டைத் தளர்த்தியது. 1799-இல்தான் முற்றும் அறுந்தது. ஆங்கில நாடு அடிமை அறியாத நாடு என்று நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன காலத்திலே, அந்த அரசனின் குடைக்கீழேயே வெள்ளை அடிமை கரி வெட்டிக்கொண்டிருந்தான்.

அந்த அரசாங்கம் நம்மிடம் வந்ததும் என்ன செய்தது? உசிலம்பட்டி முதல் கம்பம் பள்ளத்தாக்கு வரை ஒரு சமூகத்தையே குற்றப்பரம்பரை என்று எழுதி வைத்தது. 1914 முதல் பிறமலைக் கள்ளர் ஊர்களிலே அந்தச் சட்டம் நுழைந்தது. ரேகைச் சட்டம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டார்கள். பத்து விரலும் மையில் தோய வேண்டும். இரவிலே காவல் நிலையத்திலே போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரிலே 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கி பேசிற்று; பிணங்கள் விழுந்தன. சென்னை மாகாணத்திலே அந்தச் சட்டம் 1947-இல் ஒழிந்தது. பன்னிரண்டாவது ஆண்டு வைகை அணை திறந்தாயிற்று. கணக்குப் பாருங்கள்: இரவிலே வீட்டில் படுக்கும் உரிமை வந்து பன்னிரண்டு ஆண்டு நிறைவதற்குள், அந்தப் பகுதியிலே பலருக்குப் படுக்க வீடே இல்லை.

'டாக்கர்ட்டி'யிலே ஒரு காட்சி. கடைசி மகன் கான் பள்ளிக்கூடம் போகிறான். முகத்திலே காயம். எப்படி விழுந்தாய் என்று ஆசிரியர் கேட்கிறார். தெருவோரச் சாக்கடைக்குத் தன் வீட்டிலே வழங்கும் சொல்லை வைத்துப் பதில் சொல்கிறான் சிறுவன். விழுகிறது அடி! அது நாகரிகமற்ற சொல்லாம். ஆங்கிலச் சொல்லைச் சொல்ல வேண்டுமாம். மறுபடியும் தன் சொல்லையே சொல்கிறான், மறுபடியும் அடி. பிறகு அந்தப் பிள்ளை ஒரு தாளை எடுத்துத் தன் வீட்டுச் சொற்களை எழுதிப் பார்க்கிறான். அப்பன் டாம் டாக்கர்ட்டி, இந்த ஒரு பிள்ளையாவது குழிக்குள் இறங்காமல் படிக்கட்டும் என்று ஏங்கியவன். பிள்ளையோ குழிக்குத்தான் போகிறான். தாய்ச் சொல்லுக்கு அடி கொடுத்த பள்ளியிலே அவனுக்கு என்ன பற்று இருக்கும்? அப்பன் கடைசியிலே சுரங்கத்தினுள் இன்னொரு தொழிலாளியைக் காக்கப் போய்ப் பாறையின் கீழ் முடிகிறான்.

மொழிக்காகச் சிறை கண்ட இயக்கம் நம்முடையது. 1938-ஐயும் 1965-ஐயும் நமக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கள்ளிக்காட்டு நூல் வந்தபோது நம் தோழர் ஒருவர், தமிழாசிரியர், முகம் சுளித்தார். "கவிஞர் இவ்வளவு கொச்சையாக எழுதலாமா?" என்றார். நாமும் அப்போது மெல்லத் தலையசைத்தோம். அடுக்குமொழியிலே ஊறிய செவி நமக்கு. செந்தமிழ் என்றால் சீர் பிடித்து வர வேண்டும் என்று பழகிவிட்டது. இன்று எண்ணும்போது வெட்கமாக இருக்கிறது. வடமொழி கலந்தால் கொதிக்கிற நாம், காட்டிலே உழைப்பவனின் தமிழ் கலந்தால் முகம் சுளிக்கலாமா? இந்தி ஆசிரியன் கையில் இருந்தால் பிரம்பு. நம் கையில் இருந்தால் மயிலிறகா? பேயத்தேவர் செந்தமிழிலே புலம்பியிருந்தால் அந்தக் கிழவரை எவன் நம்பியிருப்பான்? கமலை, கலயம், தொழு, பட்டி என்று அவர் கைபட்ட பொருளெல்லாம் அவர் சொல்லிலேயே நூலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஊர் மூழ்கிற்று, அங்கே பேசிய பேச்சு மூழ்கவில்லை.

சின்னமனூர்ச் சந்தையிலே மூட்டை தூக்கும் தோழர் ஒருவர் நம்மிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகக் கேட்டார்: "அண்ணே, கதப் பொஸ்தகத்தப் பத்தி எழுதுறதுக்கா பத்திரிகை? மூட்டைக்கு ரெண்டு ரூவா கூட்டித் தரச் சொல்லி எழுதுங்க." அவர் கேட்டதிலே நியாயம் இருக்கிறது, அதையும் எழுதுவோம். ஆனால் தோழா, இரண்டு ரூபாய் கேட்கும்போது முதலாளி உன்னை என்ன கேட்கிறான்? கணக்கைக் காட்டு என்கிறான். அவனிடம் பேரேடு இருக்கிறது, உன்னிடம் இல்லை. ஏழைக்குப் பேரேடு எழுதி வைத்தது யார்? தாசில்தாரா? இத்தனை ஏக்கர், இத்தனை அடி, இத்தனை கன அடி என்று அவர் எழுதியதிலே பேயத்தேவர் இல்லை. ஸ்காட்லாந்திலே வெட்டிய கரிக்கு டன் கணக்கு உண்டு, டாம் டாக்கர்ட்டிக்கு வரவு இல்லை. அந்தப் பற்றெழுதாத பக்கத்தைத்தான் இந்த இரண்டு நூல்களும் எழுதியிருக்கின்றன.

கரி என்றதும் நம் வீட்டுக் கரியும் நினைவுக்கு வருகிறது. நெய்வேலி. 1956-இல் நிறுவனம் வந்தது. பழுப்பு நிலக்கரி தோண்டினார்கள், மின்சாரம் எடுத்தார்கள், தமிழ்நாடு வெளிச்சம் கண்டது. அந்த வெளிச்சத்துக்காக ஊர் ஊராக எழுந்து போனவர்கள் உண்டு. 2023 சூலையிலே வளையமாதேவியில், கால்வாய் வெட்டுவதற்காக, வளர்ந்து நின்ற நெற்பயிரின் மேல் இயந்திரத்தை ஓட்டினார்கள். நிலம் எங்களுடையது, முன்பே எடுத்தது என்றது நிறுவனம். இருக்கலாம், பயிர் உயிருடையதாயிற்றே! நிறுவனம் ஒன்றிய அரசுடையது, உண்மை. சுற்றி நின்ற காவலர் யாருடைய காவலர்? அப்போது கோட்டையிலே ஆட்சி கழகத்துடையது. தொழிலுக்கு நிலமெடுக்கும் 1997-ஆம் ஆண்டுச் சட்டமும் கழக ஆட்சியிலே வந்ததே. இதை மாற்றார் எழுதினால் பழி. நம் ஏடு எழுதினால் கடமை. தலைமைக்குச் செய்தி போகட்டும் என்றுதான் எழுதுகிறோம். காங்கிரசை நோக்கி நீட்டிய விரலைப் பிடித்துப் பெரியவர் வேறு பக்கம் திருப்பிவிட்டார், என் செய்வது?

பெரியவரிடம் மறுபடியும் போனோம். அந்த ஊர்ப் படிப்பகத்திலே மாலை ஆறு மணிக்கு மேல் பத்துப் பதினைந்து பேர் கூடுகிறார்கள். கல்லூரியிலே படிக்கும் ஒரு பெண்பிள்ளையை வாசிக்கச் சொன்னோம். நாவலை முதலிலிருந்து எடுத்தாள். நாளொன்றுக்கு ஒரு பகுதி. பெரியவர் சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்து கேட்டார். இரண்டு இடத்திலே நிறுத்தினார். ஒரு சொல்லைப் பிள்ளை நகரத்து வாயால் வாசித்துவிட்டாள். "அப்பிடியில்ல தாயி" என்று சொல்லித் திருத்தினார். இன்னோர் இடத்திலே, மாடு பற்றி வந்தபோது, "ஆமா, ஆமா" என்று தானாகச் சொல்லிக்கொண்டார்.

கிணறு வெட்டும் பகுதி வந்த நாளிலே நாம் இருந்தோம். வாசித்து முடித்துப் பிள்ளை நூலை மூடினாள். யாரும் எழுந்திருக்கவில்லை. பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"தாயி, இந்தப் பேயத்தேவன் வீடு எந்தத் தெருவுன்னு போட்டிருக்கா?"

கற்பனை ஆள் தாத்தா என்று சொல்லப் பிள்ளை வாயெடுத்தாள். நாம் கையமர்த்தினோம். பெரியவர் கண்ணை இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கோடையில தண்ணி எறங்கும்போது ஒரு புளியமரத்துத் தூரு தெரியும். அதுக்கு மேற்கால, கடேசி வீடாத்தான் இருக்கணும்" என்றார்.